செத்த காலேஜ் தந்த சிநேகிதர்கள்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் எழும்பூர் ரயில் நிலையத்தின் விடியற்காலைக்கு ஒரு தனிக் களை வந்துவிடுகிறது. தெற்கத்தி ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்க, படிப்பை முடித்து உத்தியோகம் தேடியோ, கிடைத்த உத்தியோகத்தில் சேரவோ வரும் இளைஞர்களும் யுவதிகளும், ஒரு கையில் புதுப் பெட்டியும் மறு கையில் தாயார் கட்டிக்கொடுத்த ஊறுகாய் ஜாடியுமாக நடைமேடையில் இறங்கிச் சற்று நேரம் திகைத்து நிற்பதை அங்கே காணலாம். அவர்களுக்குச் சொல்லி அனுப்பப்பட்டிருக்கும் புத்திமதிகள் எத்தனையோ. வாடகைக்கு எத்தனை மாத முன்பணம் கொடுக்கலாம், தண்ணீர்க் கஷ்டம் இல்லாத தெரு எது, ஆட்டோக்காரரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பனவெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு என்ன செய்வது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லி அனுப்புவதில்லை. ஒரு மனிதன் ஒரு நகரத்தில் குடியேறுகிறானா, அல்லது வெறுமனே வாடகைக்கு இருந்துவிட்டுப் போகிறானா என்பது அந்தப் பிற்பகல்களில்தான் நிர்ணயமாகிறது என்பது, நாற்பது வருஷங்களுக்கு மேலாக இந்நகரத்தில் வசித்துவரும் என்னுடைய அபிப்பிராயம்.

நான் வந்தது 1983-ஆம் வருஷம். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, குமாஸ்தா உத்தியோகத்துக்கான உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து இறங்கிய எனக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில், மூன்று கட்டில்கள் போட்ட அறையில், ஜன்னலோரம் இல்லாத கட்டில் கிடைத்தது. வாரத்தில் ஆறு நாட்கள் பாதகமில்லை. அலுவலகமும், பஸ்ஸும், மெஸ்ஸில் இடம் பிடிக்கும் அவசரமும் மனத்தை வேறொன்றும் நினைக்கவிடாமல் பார்த்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை என்பதோ வேறு விஷயம். அறைத் தோழர்கள் சினிமாவுக்கோ உறவினர் வீட்டுக்கோ போய்விட, ராத்திரிக்கு மெஸ்ஸும் கிடையாது என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ள, தாமிரபருணிக் கரையில் இந்நேரம் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருப்பேன். இவ்வாறு நான்கைந்து வாரங்கள் கழிந்தபின், மேன்ஷனின் காவற்காரப் பெரியவர், பிறந்தது முதல் மதராஸை விட்டுத் தாண்டாதவர், வாசலில் வழிமறித்துக் கேட்டார்: “இன்னா தம்பி, எப்பப் பாத்தாலும் ரூம்லயே குந்திகினு கீற? செத்த காலேஜ் பாத்தியா, உயிர் காலேஜ் பாத்தியா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசாரித்த பிறகு தெரிந்தது, செத்த காலேஜ் என்பது எழும்பூர் அருங்காட்சியகம், உயிர் காலேஜ் என்பது மிருகக்காட்சிசாலை என்று. பாமர ஜனங்கள் வைத்த பெயர்தானே என்று அலட்சியம் செய்துவிட முடியாதபடி அதில் சரித்திரம் இருக்கிறது. சென்னை இலக்கியச் சங்கம் என்று 1812-இல் ஆரம்பிக்கப்பட்ட சபை தன்னிடமிருந்த சுமார் 1,100 கனிமப் பொருள்களை அளிக்க, 1851-இல் அவற்றைக்கொண்டு இந்த மியூசியம் முதன்முதலில் திறக்கப்பட்டது செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில்தான். கல்லூரியில் இருந்ததால் காலேஜ். பாடம் செய்த மிருகங்கள் நின்றதால் செத்த காலேஜ். அதன் முதல் பொறுப்பதிகாரியான எட்வர்ட் பால்ஃபர் என்ற வைத்தியர், உயிருள்ள மிருகங்களையும் வைத்தால் ஜனங்கள் திரண்டு வருவார்கள் என்று கண்டு, கர்நாடக நவாபின் மிருகங்களையும் கேட்டு வாங்கி, 1855-இல் மியூசிய வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சிசாலையையும் ஏற்படுத்தினார். 1863-இல் அது பீப்பிள்ஸ் பார்க்குக்கும், நான் வந்த இரண்டாம் வருஷம் வண்டலூருக்கும் போயிற்று. குடிபோன இடத்துக்கெல்லாம் உயிர் காலேஜ் என்ற பெயரும் அதனுடன் போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழும்பூருக்குப் புறப்பட்டேன். அந்தச் சாலையின் பெயரைப் பலகையில் படித்ததும் எனக்கு உண்டான பெருமிதத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. “பாந்தியன் சாலை” என்று எழுதியிருந்ததை, எழுத்துப் பிழையாக்கும் என்று மனத்துக்குள்ளேயே திருத்திக்கொண்டு, எங்கள் சீமை அரசனுக்கு இந்த மாநகரம் ஒரு சாலையையே கொடுத்திருக்கிறதே என்று மார்பை நிமிர்த்தி நடந்தேன். அது பாண்டியன் அல்லன், ‘பாந்தியான்’ என்ற ஐரோப்பியப் பெயர் என்பது பல மாதங்களுக்குப் பிறகே தெரிந்தது. ஆனால் தெரிந்தபோது ஏமாற்றம் உண்டாகவில்லை; ஏனெனில் அந்தப் பெயரின் கதை பாண்டியன் கதையைவிட என் விஷயத்துக்கு நெருக்கமானது. 1778-இல் கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவருக்கு வழங்கப்பட்ட 43 ஏக்கர் தோட்டம், 1793-இல் 24 பேர் கொண்ட ஒரு கமிட்டியிடம் ஒப்படைக்கப்பட்டது. நகரத்து வெள்ளைக்காரர்களின் கேளிக்கைகளை நடத்துவதே அந்தக் கமிட்டியின் வேலை. ஆறு மாதம் கப்பலில் அலைப்புண்டு வந்து, சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளாமல், ஊர்க் கடிதத்துக்காக ஏங்கிக்கிடந்த அந்நியர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று நடனமும் நாடகமும் நடத்திக் கூடிய மண்டபமே அந்தப் பாந்தியான். 1821-இல் அது ஓர் ஆர்மீனிய வியாபாரிக்கு விற்கப்பட்டு, 1830-இல் சர்க்காரிடம் திரும்பி, கலெக்டர் கச்சேரியாக இருந்து, 1854-இல் மியூசியம் ஆயிற்று. கோட்டைக்குள் 1948-இல் ஏற்பட்ட அருங்காட்சியகமும் இப்படித்தான். வியாபாரிகளும் தரகர்களும் கூடிப் பேசுவதற்காக 1795-இல் கட்டிமுடித்த கட்டடம் அது. (அதற்குள் நிற்கும் கார்ன்வாலிஸ் பிரபுவின் சிலை இந்நகரத்தில் எத்தனை இடம் மாறி அங்கே வந்து சேர்ந்தது என்பதை அறிந்தால், மூன்று வருஷத்தில் நான்கு வீடு மாறிய எந்தக் குடித்தனக்காரரும் ஆறுதல் அடைவார்.) ஆகவே இந்த ஊரின் இரண்டு பெரிய அருங்காட்சியகங்களும், முன்னொரு காலத்தில், வெளியூரிலிருந்து வந்தவர்கள் தனிமைக்கு மருந்து தேடிக் கூடிய ஸ்தலங்கள் என்பதை இப்போதைக்கு வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

உள்ளே நுழைந்து, யானை எலும்புக்கூட்டையும் திமிங்கில எலும்பையும் வியந்துவிட்டு, கால்போனபடி போனவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். என் எதிரே ஆதிச்சநல்லூர்த் தாழிகள் இருந்தன. எங்கள் கிராமத்திலிருந்து கூப்பிடு தூரம் அந்தப் பறம்பு. மழை பெய்து மண் அரித்தால் தாழி விளிம்பு தெரியும். சாவு வராமல் சுருங்கிச் சுருங்கிப் பூனைக்குட்டி போலாகிவிட்ட கிழவர்களை, விளக்கும் சோறும் வைத்து அந்தப் பானைகளில் இறக்கிவிடுவார்கள் என்று பாட்டி சொன்ன கதையை நம்பி, பொழுது சாய்ந்தபின் அந்தப் பக்கம் நாங்கள் போவதில்லை. பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்பவர் 1876-இல் அங்கே தோண்டினார் என்பதும், அதன்பின் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த இரும்பு ஆயுதங்களும், எருமை உருவம் அமைந்த வெண்கல மூடியும், நெற்றியில் கட்டும் மெல்லிய பொற்பட்டங்களும் பட்டணத்துக்கு வந்தன என்பதும், அவ்வளவு அருகில் பிறந்து வளர்ந்த எனக்கு, அறுநூறு கிலோமீட்டர் கடந்து வந்தபிறகே தெரியவந்தன. சிறு வயதில் பயந்து ஓடிய பானையின் முன்னால் கண் கலங்க நின்ற என்னை, அந்தக் கூடத்தில் இருந்த ஊழியர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சாருக்கு எந்த ஊரு?” என்றார். தாழியைக் காட்டி, இது வந்த ஊர்ப் பக்கந்தான் என்றேன். “அப்ப உங்களுக்கு முன்னாடியே வந்து சேந்துடுச்சு, சார்” என்று சொல்லிவிட்டு அவர் வேறு யாரையோ அதட்டப் போய்விட்டார்.

வேடிக்கையாகச் சொன்ன அந்த வார்த்தை எனக்குள் வெகு நாள் வேலை செய்தது. அந்த மனப்பான்மையோடு பார்க்கத் தொடங்கியபின், அந்தக் கூடங்களில் இருந்த எல்லாமே எனக்கு முன்னால் வந்து குடியேறிய வெளியூர்க்காரர்களாகத் தோன்றலாயின. கிருஷ்ணா நதிக்கரை அமராவதியில் 1845-இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பிய சுண்ணாம்புக்கல் சிற்பங்கள், தம் உடன்பிறப்புகளில் ஒரு பகுதியை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கப்பலேற்றிவிட்டு, மிச்சம் இங்கே இருக்கின்றன. குடும்பத்தில் பாதிப் பேர் சீமைக்குப் போய்விட்ட வீடுகளில் காணும் ஒரு மௌனம் அவற்றினிடம் உண்டு. நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து கிடைத்த புத்தர் திருமேனிகள், வணங்குவார் இல்லாத ஊரைவிட்டு வந்தவை. திருவெண்காட்டு அர்த்தநாரியும் திருவாலங்காட்டு நடராஜரும் அபிஷேகமும் தூபமும் இன்றி, எண் எழுதிய பீடத்தின்மேல் நிற்கிறார்கள். அந்தத் திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்த மாத்திரத்தில் ஆட்கொள்ளப்பட்ட பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் எழுதிய கட்டுரை, அவர் காலத்துக்குப்பின் 1921-இல் வெளியாயிற்று. ஊரைவிட்டுப் பெயர்க்கப்பட்ட ஒரு வஸ்து, பழைய சம்பந்தங்களை இழந்து, புதிய இடத்தில் புதிய கண்களால் பார்க்கப்பட்டு, முன்னில்லாத ஒரு வாழ்வைப் பெறுகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. தெய்வங்களைக் கோயிலிலிருந்து பெயர்த்துவைப்பது முறைதானா என்று கேட்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. அவர்கள் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. கைகூப்பிக் கண்மூடி நடராஜர் முன் நிற்கும் பெண்களை அங்கே நானே எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

புதிதாக ஒரு நகரத்துக்கு வந்தவனுக்கு அருங்காட்சியகம் செய்யும் முதல் உபகாரம், அங்கே அவனை யாரும் காரணம் கேட்பதில்லை என்பதே. கடைக்குள் நுழைந்தால் என்ன வேண்டும் என்பார்கள். ஓட்டலில் சாப்பிட்டு முடித்தபின் உட்கார்ந்திருக்க முடியாது. பூங்காவில் தனியே ஒருவன் மூன்று மணி நேரம் இருந்தால் போலீஸ்காரர் வந்து நிற்பார். மியூசியத்திலோ, நுழைவுச் சீட்டு வாங்கியவன், ஒரே சிலையின் முன்னால் ஒரு பிற்பகல் முழுவதும் நின்றால்கூட, ரசிகன் என்ற மரியாதைதான் கிடைக்கும். அதனால், ஒரே நாளில் எல்லாக் கூடங்களையும் ஓடி முடித்துவிடுகிற காணும் பொங்கல் வேகத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரு நாளைக்கு ஒரு கூடம் போதும். பார்த்ததைப் பற்றி ஐயம் எழுந்தால் பக்கத்திலேயே 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. இப்படி வாரந்தோறும் போய்வந்த ஒரு வருஷத்தில், எனக்கு மதராஸில் ஒரு முகவரி ஏற்பட்டுவிட்டது போன்ற உணர்ச்சி உண்டாயிற்று.

ஆனால் கல்லும் செம்பும் எவ்வளவு உயர்ந்தவையானாலும், காய்ச்சலில் கிடந்தால் வந்து கஞ்சி வைத்துத் தரமாட்டா. அதற்கு மனிதர்கள் வேண்டும். புதிதாக வந்தவன் மனிதர்களைத் தேடும்போது அவன் கண்ணில் முதலில் படுவது ஊர்ச் சங்கம். நானும் அதில் உறுப்பினன்தான். என் தகப்பனார் காலமான செய்தி வந்த ராத்திரி, எனக்கு ரயில் செலவுக்குப் பணம் கொண்டுவந்து கொடுத்தவர்கள் ஊர்க்காரர்கள்தான் என்பதை மறந்தால் எனக்கு நல்ல கதி இராது. இருந்தாலும் ஒன்று சொல்லவேண்டும். ஊர்ச் சங்கம் நம்மை நகரத்தில் சேர்ப்பதில்லை. ஊரை நகரத்துக்குள் கொண்டுவந்து வைக்கிறது. “எந்த ஊர்?” என்ற கேள்வியோடு நில்லாமல், “ஊரில் எந்தத் தெரு?” என்று அடுத்த கேள்வி வந்துவிடும், அந்த இரண்டாம் கேள்வியின் அர்த்தம் தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. கோயில் கொடையில் யாருக்கு முதல் மரியாதை என்ற சண்டை, அங்கிருந்து ரயிலேறி வந்து இங்கே பொதுக்குழுவில் நடக்கும். தெருவை விட்டு வந்தோம் என்று மூச்சுவிட்டவன் மறுபடியும் அதே தெருவில் நிற்பான்.

எனக்கு வேறுவகைக் கூட்டம் வாய்த்தது அமராவதிக் கூடத்தில்தான். ஞாயிறுதோறும் ஒரு முதியவர் கல்லில் வெட்டியிருந்த பிராமி எழுத்துக்களைப் பார்த்துப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருப்பார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர் என்று பின்னால் தெரிந்தது. முதல் இரண்டு வாரம் பார்த்துக்கொண்டோம், மூன்றாவது வாரம் தலையசைத்தோம், நான்காவது வாரம் அவர், “தம்பி, இந்த எழுத்து உமக்கு எப்படித் தெரிகிறது, ‘த’வா, ‘ந’வா?” என்று நோட்டை நீட்டினார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். “தெரியாதவர் கண்தான் வேண்டும், எனக்குத் தெரிந்து தெரிந்து கெட்டுப்போயிற்று” என்றார். அவர் மூலமாக, மாதம் ஒருமுறை கோயிலோ, கோட்டையோ, கல்லறைத் தோட்டமோ எதையாவது பார்க்கப்போகும் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட கூட்டம் ஒன்றில் சேர்ந்தேன். அதற்குப் பெயரும் இல்லை, சந்தாவும் இல்லை. தபால் ஊழியர் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், சௌகார்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர், பெரம்பூர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்து அம்மாள் ஒருவர் என்று, வேறு எந்தக் காரியமும் எங்களை ஒரு பந்தியில் உட்காரவைத்திருக்காது. தெரு எது என்ற கேள்வியை அவர்களில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. போன மாதம் பார்த்த கல்வெட்டில் அந்த மூன்றாவது வரியைக் குறித்து வந்தாயா என்றுதான் கேட்டார்கள்.

இத்தகைய கூட்டங்களின் ரகசியம், நடுவில் ஒரு பொருள் இருக்கிறது என்பதே. இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்துச் சம்பாஷிப்பது முதற் சந்திப்பில் சிரமமான காரியம். இருவரும் மூன்றாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றால் பேச்சு தானாக வருகிறது. இதைக் கடற்கரையில் நன்றாக உணர்ந்தேன். 1988-இல் மாணவர்கள் ஆரம்பித்த கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று, ஜனவரி முதல் ஏப்ரல் வரையில், இரவு நேரங்களில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே கரையோரமாக நடந்து, முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைத் தேடுகிறது, பொதுமக்களும் கூடப்போகலாம். அலுவலக நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போக நானும் போனேன். டார்ச் விளக்குப் போடக்கூடாது, சத்தம் கூடாது. முகம் தெரியாத இருபது பேர் ஈர மணலில் வரிசையாக நடக்கிறோம். கடலிலிருந்து ஏறிவந்து திரும்பிய துடுப்புக் கால்களின் தடம் ஒன்று தென்பட்டதும், முன்னே சென்ற பையன் மண்டியிட்டு, தடியால் மணலை மெல்ல அழுத்திப் பார்த்து, இளக்கமான இடத்தில் கையை விட்டு, முழங்கை ஆழத்திலிருந்து ஈரமான வெள்ளை முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணத் தொடங்கினான். நூறைத் தாண்டியது எண்ணிக்கை. பாதி எண்ணுகையில் அவனுக்குக் கை வலிக்கவே, பக்கத்தில் நின்ற என்னை உட்காரச் சொன்னான். முட்டைகளைப் பையில் வைத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்தால், ஏறத்தாழ ஐம்பது நாளில் குஞ்சுகள் வெளிவந்து கடலுக்குப் போகும். பிழைத்தவை வளர்ந்தபின், தாம் பிறந்த கரையைத் தேடித் திரும்பும் என்கிறார்கள். அந்த விஷயத்தில் அவை நம்மைப் போன்றவை அல்ல. விடியுமுன் பெசன்ட் நகர் டீக்கடை வெளிச்சத்தில்தான் கூட நடந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். அவர்களில் இருவர் இன்றும் என் வீட்டு விசேஷங்களுக்கு வருகிறார்கள். அவர்களுடைய சொந்த ஊர் எது என்று சரியாக எனக்குத் தெரிந்தது, பழகி மூன்று வருஷம் ஆனபிறகு.

இக்காலத்தில் இவற்றுக்கெல்லாம் பஞ்சமில்லை. 1978 முதல் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி பறவை பார்க்கப் போகிறவர்களை ஒன்றுசேர்க்கிறது. 2004 முதல் ஆகஸ்டு மாதத்தில் மெட்ராஸ் தினம் கொண்டாடுகிறார்கள். அதைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான எஸ். முத்தையா, இந்நகரத்தின் சரித்திரத்தை நமக்கு வீட்டுக் கதைபோலச் சொன்னவர், செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பிறந்த வெளியூர்க்காரர் என்பதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு எழும்பூர் தூரம் என்றால், முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா இருக்கிறது. இடிக்க இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூண் தூணாகப் பிரித்துக் கொண்டுவந்து, அங்கே மறுபடியும் கட்டியிருக்கிறார்கள். தென்னாட்டின் நான்கு மூலைகளிலிருந்தும் வந்த வீடுகள் அங்கே அண்டைவீட்டாராக இருக்கின்றன.

ஆயினும், என் தங்கை மகள் சோழிங்கநல்லூரில் பி.ஜி. என்று சொல்லப்படும் விடுதியில் இரண்டு வருஷம் இருந்தாள். அந்த இரண்டு வருஷத்தில் அவள் போய்வந்த இடங்கள் அலுவலகமும், மால்களும், ரயில் நிலையமுமே. “எங்க போறது மாமா, எனக்கு யாரைத் தெரியும்?” என்று கேட்டாள். அது அவளுடைய குற்றமில்லை. வாரநாளில் அவள் வெளியே வரும்போது மணி ஏழு. எழும்பூர் அருங்காட்சியகம் மாலை ஐந்து மணிக்குச் சாத்தப்படுகிறது; வெள்ளிக்கிழமை விடுமுறை. உத்தியோகம் பார்க்கும் ஜனங்களுக்கு மிச்சம் இருப்பது சனி, ஞாயிறு. அதிலும் துணி துவைக்கும் வேலை போக எஞ்சியதே அவர்களுக்குச் சொந்தம். ஆகவே, வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு மணி வரையில் நம் அருங்காட்சியகங்களைத் திறந்துவைக்க வேண்டும் என்பது என் முதல் விண்ணப்பம். மின்சாரச் செலவு ஆகும், ஊழியர்களுக்கு மிகை நேரப் படி கொடுக்கவேண்டும் என்பதெல்லாம் தெரிந்தேதான் சொல்கிறேன். இரண்டாவது விண்ணப்பம் இன்னும் அற்பமானது. உட்கார இடம் போடுங்கள். நம் நாட்டு அருங்காட்சியகங்களில் பார்வையாளன் நடந்துகொண்டே இருக்கவேண்டும் என்று யார் விதித்தார்களோ, தெரியவில்லை. நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு சிலையைப் பற்றிப் பேச முடியுமானால், சங்கம் தானாக உண்டாகிவிடும். மாதம் ஒரு நாள், ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, கியூரேட்டரோ, ஊழியரோ, நாள்தோறும் வரும் ஒரு முதியவரோ, வந்தவர்களோடு அரை மணி நேரம் பேசட்டும்.

இதில் வடக்கேயிருந்து வந்திருக்கும் தொழிலாளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள், சலவை மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு, நாலைந்து பேராகக் கூடங்களைச் சுற்றிவருகிறார்கள். எலும்புக்கூட்டின் எதிரில் நின்று போனில் படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் ஜன்னலோரம் இல்லாத அந்தக் கட்டில் எனக்கு நினைவுக்கு வருகிறது. பலகையில் எந்தெந்த பாஷைகளில் எழுதுவது என்ற விவாதத்துக்குள் நான் தலையைக் கொடுக்கத் தயாராயில்லை. சென்ற மாதம், அப்படி வந்த ஒருவன் புத்தர் சிலையின் முன் நின்று, தன் மார்பைத் தொட்டு, “கயா, அண்ணா, கயா” என்றான். தன் ஊர் என்கிறான் என்று புரிந்தது. நாகப்பட்டினத்துப் புத்தரைக் கயாக்காரன் அடையாளம் கண்டுகொண்டதில் எங்கள் கூட்டத்தாருக்கு ஏகக் குதூகலம். அவனையும் அவன் தோழர்களையும் அழைத்துக்கொண்டு நடராஜர் வரையில் போனோம். எங்கள் இந்தியும் அவர்கள் தமிழும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருந்தபடியால் மனஸ்தாபத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

நோட்டுப் புத்தக முதியவர் காலமாகி வெகு நாளாகிவிட்டது; அவருடைய நோட்டுகளில் இரண்டு என்னிடம் இருக்கின்றன. பத்துப் பேராக இருந்த கூட்டம் இப்போது சில மாதம் ஆறு, சில மாதம் பதினாறு. தங்கை மகள், அலுவலகத் தோழி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு, இப்போது ஒழுங்காக வருகிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆதிச்சநல்லூர்க் கூடம். பாட்டியின் கதையை நான் சொல்வதாக ஏற்பாடு. நாலே முக்காலுக்கெல்லாம் காவலர் விசில் ஊத ஆரம்பித்துவிடுவார் என்பதால், எப்படியும் கதை பாதியில் நின்று, மிச்சம் பாந்தியன் சாலை டீக்கடையில் நடக்கும்.